மருந்து வாளி

"இவர் பதினான்கு ஆண்டுகள் எமது பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். மென்மையான சுபாவம் உடையவர். மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிபவர். பாட விஷயங்களில் தலையிடாதவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்."

தலைமை ஆசிரியர் கையெழுத்தும் வட்ட முத்திரையும் போட்டுக் கொடுத்த இந்தச் சான்றிதழில் பதினான்கு ஆண்டுகள் என்பது மட்டும் உண்மை. இது எழுதப்பட்ட அன்று காலையில்தான் அவள் வேதியியல் ஆசிரியரை, நாற்பத்தொரு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கன்னத்தில் அறைந்திருந்தாள். அறைந்த காரணமும் பாட விஷயம்தான்.

ஆசிரியர் புதியவர். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்து காட்டுவதாகச் சொல்லி, அமிலம் இருந்த கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றப் போனார். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் கிளம்பும் சூட்டில் மேலே விழுந்த தண்ணீர் கொதித்து, அமிலத்தையும் கூட்டிக்கொண்டு முகத்துக்கு வரும். அவள் மூலையில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சார், மாத்தி ஊத்தறீங்க."

"நீ போய்ப் பெருக்கு."

முதல் சொட்டு விழுந்து சீறியது. அவள் வந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். அவள் அறைந்தாள். ஆசிரியர் ஒரு பக்கம் சாய, தண்ணீர்க் குவளை மறுபக்கம் உடைந்தது. மொத்தச் சேதம் அவருடைய சட்டையில் மூன்று ஓட்டை. விசாரணை வைத்தால் அறை முதலில் வருமா, அமிலம் முதலில் வருமா என்று தலைமை ஆசிரியர் அரைமணி நேரம் யோசித்தார். அவளைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்ப ஒரே வழி அவளைப் புகழ்வது என்று முடிவு செய்தார்.

மாணவர்கள் அவளுக்கு லிட்மஸ் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அமிலம் பட்டால் நீல லிட்மஸ் தாள் சிவக்கும் என்பது பாடம். யாராவது தவறாக எதையாவது தொட்டால் அவள் முகம் சிவக்கும் என்பது அனுபவம். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் ஆண்டுக்கு மூன்று பிரிவு வீதம் அமிலம், காரம், உப்பு என்ற பாடத்தை நாற்பத்திரண்டு முறை கேட்டிருந்தாள். பாடம் நடத்தியவர்களே அத்தனை முறை கேட்டதில்லை. அமிலம் புளிக்கும், காரம் வழுவழுக்கும், இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும். கரும்பலகையில் இவ்வளவுதான் எழுதுவார்கள். எழுதாமல் விட்ட ஒன்றும் அவளுக்குத் தெரியும். வகுப்பு முடிந்து அவள் கழுவ எடுக்கும் குழாய்கள் சுடும். அமிலமும் காரமும் சண்டை முடிந்து உப்பாகும்போது சூட்டை வெளியே தள்ளிவிட்டுத்தான் சமாதானம் ஆகின்றன. அந்தச் சூடு சமன்பாட்டில் இல்லை. அவள் விரல் நுனிகளில் இருந்தது.

இனி வரும் கதையில் பணயமாக இருப்பவை ஒரு மனிதனின் இரண்டு கண்கள். அந்த மனிதனை அவளுக்கு அறவே பிடிக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அவன் அவளுடைய தங்கையின் கணவன். ஒரு முலாம் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாயின் திருகு, அலமாரிக் கொண்டி எல்லாவற்றையும் முகம் தெரியும் அளவுக்குத் தேய்ப்பதில் கெட்டிக்காரன். வீட்டில் தன் மனைவியையும் ஏறக்குறைய அதே ஈடுபாட்டோடு அடித்தான். பள்ளி வேலை போனதும் அவளைத் தன் பட்டறையில் சேர்த்துவிட்டவன் அவன்தான். கருணையால் அல்ல. அக்காக்காரி கண் முன்னால் இருந்தால் தன் வீட்டுக்குள் மூக்கை நுழைக்க நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டான். மென்மையான சுபாவம் என்ற சான்றிதழை மேஸ்திரியிடம் நீட்டியபோது அவனுக்கே சிரிப்பு வந்ததாம்.

பட்டறையைப் பார்த்தபோது அவளுக்குப் பழைய பாடப் புத்தகத்தை யாரோ பிரித்துத் தரையில் வரிசையாக வைத்தது போல இருந்தது. முதலில் சூடான காஸ்டிக் தொட்டி. அது காரம், உலோகத்தில் ஒட்டிய எண்ணெயைச் சோப்பாக்கிக் கழற்றும். அடுத்தது ஆசிட் தொட்டி, துருவைத் தின்னும். கடைசியில் நிக்கல் உப்புக் கரைசல், பாசி பிடித்த குளம் போலப் பச்சையாக. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓடும் தண்ணீர்த் தொட்டி, முந்தைய தொட்டியின் மிச்சம் அடுத்ததற்குள் போகாமல் அலச. அந்தத் தண்ணீரும் அதன் ரப்பர் குழாயும் அவள் பொறுப்பு. மேஸ்திரி அவளை எல்லாரிடமும் அறிமுகப்படுத்தியது இப்படி: "தண்ணிக்கு ஒரு ஆளு வந்துருக்கு. தாகம் எடுத்தா கேளுங்க."

சண்டை அங்கே வேலையின் ஒரு பகுதி. தொட்டிக்குக் குறுக்கே கிடக்கும் செம்புக் கம்பிகள் மின்சாரம் கடத்துவதற்கானவை என்றாலும், அவற்றால் அடி வாங்காத முதுகு பட்டறையில் இல்லை. கம்பியை யார் முதலில் எடுத்தது என்று தெரியாமல் இரண்டு பேர் மருத்துவமனைக்குப் போய், அங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, சேர்ந்தே திரும்பி வந்திருக்கிறார்கள்.

மற்றொரு பழக்கமும் இருந்தது. தினமும் மாலை, தேய்ந்துபோன ஆசிட்டைப் பின்புறக் குழியில் விட்டு, காஸ்டிக் கரைசலை ஊற்றி, வண்ணத்தாள் பச்சை காட்டும்வரை கிளறுவார்கள். அதன் பிறகு அது வெறும் உப்புத் தண்ணீர், சாக்கடைக்குப் போகலாம். இதில் தவறில்லை. ஆனால் தினமும் ஆசிட்டைக் காஸ்டிக் அடக்குவதைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் காஸ்டிக்குக்கு மருந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவரோரம் ஒரு வாளி நிறைய மருந்து எப்போதும் இருக்கும், மூடியில்லாமல், மேலே ஒரு குவளை மிதக்க. தரையில் ஆசிட் சிந்தினால் அதில் ஒரு குவளை. கையில் பட்டாலும் அதில் ஒரு முக்கு.

வந்த இரண்டாம் நாளே அவள் மேஸ்திரியிடம் கேட்டாள்.

"கையில பட்டா தண்ணியில கழுவ வேண்டியதுதானே, மேஸ்திரி?"

"தண்ணி ஆசிட்ட நகத்தும். மருந்து ஆசிட்டக் கொல்லும். எது நல்லது?"

"கொல்லும். கொல்லும்போது சூடு வருமே, அது எங்க போகும்?"

"ரெண்டும் சேந்தா உப்பாயிரும்னு நேத்து நீதானே சொன்னே."

"ஆகும். நீங்க வெந்த பிறகு ஆகும். அதுவும் போக, ஆசிட் எவ்வளவு பட்டுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மருந்து ஒரு சொட்டு அதிகமா இருந்தா அந்தச் சொட்டு தோலத் தின்னும்."

மேஸ்திரி முழுக்கைச் சட்டையை மடக்கி முன்கையைக் காட்டினார். மணிக்கட்டு முதல் முழங்கை வரை தோல் உடும்புத் தோல் போலத் தடித்துக் கிடந்தது. "இருபத்திரண்டு வருஷம். இது ஆசிட் பண்ணுன வேலை. மருந்து இல்லன்னா கையே இருந்திருக்காது."

அந்தத் தோலைத் தின்றது மருந்துதான் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் இருந்து தங்கையின் மாப்பிள்ளை குரல் கொடுத்தான். "பள்ளிக்கூடத்துல ஒருத்தரை அடிச்சுட்டு வந்துதான் இங்க பாடம் எடுக்குது. விடுங்க மேஸ்திரி." எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியின் கை பொறுத்துக்கொண்டது. நீர்த்த ஆசிட்டும் தடித்த தோலும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒன்றையொன்று சகித்துக்கொண்டிருந்தன. தப்பான வழக்கம் ஒன்று நீடிப்பதற்கு அது பெரும்பாலும் ஆளைக் கொல்லாமல் இருந்தால் போதும்.

நான்காவது மாதத்தில் தங்கை தாடை வீங்கிப்போய் அக்காவின் அறைக்கு வந்தாள். பாலிஷ் சக்கரத்தின் தோல் வாரால் அடித்திருந்தான். அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், தங்கையைப் படுக்க வைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த அவர்களுடைய ஒற்றை அறைக்குப் போனாள். மாப்பிள்ளை கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான்.

தங்கையின் கணவன் வயதில் சின்னவன் ஆனாலும் மாப்பிள்ளை. மரியாதையை அவள் விட்டதில்லை.

"மாப்ள, எந்தக் கையால அடிச்சீங்க?"

"ரெண்டாலயும்தான். என்ன செய்யப் போறீங்க?"

"ரெண்டையும் எடுத்துட்டா சோத்தை அவதான் ஊட்டணும். வலதை மட்டும் குடுங்க."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். கதவைச் சாத்த அவன் நிலையில் கை வைத்த நேரத்தில் அவள் வெளியிலிருந்து கதவை இழுத்து அடித்தாள். வலதுகையில் இரண்டு விரல் முறிந்தது. "கட்டுப் போட்டுக்கங்க மாப்ள, காத்து படாம" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த அடி நியாயமானதா என்று யோசிப்பவர்களுக்கு அதன் விளைவையும் சொல்ல வேண்டும். வலதுகையில் கட்டோடு பாலிஷ் போட முடியாது. மேஸ்திரி அவனை ஆசிட் தொட்டிக்கு மாற்றினார். அங்கே சாமான் கோத்த சட்டத்தைக் கொக்கியில் மாட்டி இறக்க, ஏற்ற ஒரு கை போதும். பழக்கமில்லாத இடதுகையோடும் ஆறாத கோபத்தோடும் அவனை அந்தத் தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவள் அவள்தான்.

ஆறாம் நாள், காலை பதினொன்று. ஆசிட் தொட்டிக்கும் அலசும் தொட்டிக்கும் நடுவே அவள் குழாயோடு நின்றாள். அவன் சட்டத்தைத் தூக்கினான். இருபது கைப்பிடிகள் கோத்தது, ஆசிட் சொட்டச் சொட்ட.

"உன் தங்கச்சி இன்னும் அங்கதான் படுத்திருக்காளா?"

"தூங்கறா. நாலு வருஷத் தூக்கம் பாக்கி."

"இன்னிக்கு ராத்திரி வந்து முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போறேன். தண்ணி புடிக்கிற கையால என்ன புடுங்கிருவே?"

"உங்களுக்கு இன்னும் இடது கையும் இருக்கு, மாப்ள. மறந்துராதீங்க."

கொக்கியை விடாமல் அவன் சட்டத்தை அவள் தலைக்கு வீசினான். அவள் குனிந்தாள். சட்டம் தூணில் மோதித் திரும்பி வந்தபோது அவள் காலால் ஓங்கி உதைத்தாள். அது அவன் கையை விட்டு, முழுப் பாரத்தோடு ஆசிட் தொட்டிக்குள் விழுந்தது. எழுந்த ஆசிட் அவன் முகத்தில் அடித்தது.

அவன் கத்தியதைக் கேட்டுப் பட்டறைக்கு வெளியே இருந்தவர்கள் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்களாம்.

இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு முழங்காலிட்டு விழுந்தான். அவள் குழாயை இழுத்தாள். அது தொட்டியின் காலில் சிக்கிக்கொண்டது. சிக்கெடுத்த அந்த ஐந்து நொடியில், பக்கத்துத் தொட்டிக்காரன், நல்லவன், பதறிப்போனவன், தினமும் செய்கிறதைச் செய்தான். மருந்து வாளியில் குவளையை முக்கி, மாப்பிள்ளையின் இடது கையை விலக்கி, இடது கண்ணில் ஊற்றினான். மாப்பிள்ளை முன்னைவிட உரக்கக் கத்தினான். "வேலை செய்யுது" என்றார் மேஸ்திரி. வாளியோடு தூக்கிக்கொண்டு வலது கண்ணுக்கு வந்தார்.

"வைங்க கீழே."

"தள்ளு. கண்ணு போயிரும்."

"அதத்தான் சொல்றேன். வைங்க."

மேஸ்திரி வாளியைச் சாய்த்தார். அவள் தொட்டிமேல் கிடந்த செம்புக் கம்பியை உருவி அவர் முன்கையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் தனியாகக் கேட்டது. வாளி உருண்டு காஸ்டிக் தரையில் பாய, சிந்திக்கிடந்த ஆசிட்டோடு சேர்ந்த இடமெல்லாம் சீறிப் புகைந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

குவளைக்காரன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்தாள். மாப்பிள்ளையைச் சட்டைக் காலரோடு பிடித்துத் தரதரவென்று அலசும் தொட்டிக்கு இழுத்துப்போய் மல்லாக்கத் தள்ளி, மார்மேல் முழங்காலை ஊன்றி, குழாயை நெற்றிக்கு மேல் பிடித்தாள். சாட்சி சொன்ன எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: இவ்வளவு நேரமும் அவள் மரியாதை குறையாமல்தான் பேசினாள்.

"கண்ணத் திறங்க மாப்ள."

"கொல்றாளே! யாராவது புடிங்களேன்டா!"

"திறங்க. இல்லன்னா பல்ல உடைச்சுருவேன். உடைச்சுட்டுத் திறப்பேன். எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

அவன் திறக்கவில்லை. அவள் இமைகளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிரித்து, ஒரு கண் மாற்றி ஒரு கண்ணாகத் தண்ணீர் விட்டாள். அவன் இடதுகையால் அவள் முகத்தில் குத்தினான், உதடு கிழிந்தது. பின்னாலிருந்து ஒருவன் காலிச் சட்டத்தால் அவள் முதுகில் அடித்தான். விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது மறுநாள்தான் தெரிந்தது. குழாயை விடவில்லை.

முதலாளி சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் பார்த்தது இது: ஒருவனைத் தரையில் அமுக்கி முகத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற ரத்த வாய்ப் பெண், ஓரத்தில் கை தொங்க உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி. எந்த மனிதனும் வரக்கூடிய முடிவுக்குத்தான் அவரும் வந்தார்.

"தண்ணிய நிறுத்துங்கடா!"

மேஸ்திரி நல்ல கையால் சுவரைப் பிடித்து எழுந்து வால்வை நோக்கி நகர்ந்தார்.

"மேஸ்திரி," என்றாள் அவள், திரும்பாமலே. "அந்தக் கையும் வேணும்ல உங்களுக்கு?"

மேஸ்திரி நின்றார். வால்வையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சில நிமிடங்களில் மாப்பிள்ளை குத்துவதை நிறுத்தினான். சாகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எரிச்சல் குறைகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்து, உதவியாளர் அவள் தோளைத் தொட்டு "நாங்க பாத்துக்கறோம்மா" என்றபோது, "கழுவறத நிறுத்தாதீங்க" என்று குழாயை அவன் கையில் கொடுத்துவிட்டு எழப் பார்த்தாள். எழ முடியவில்லை.

கண் மருத்துவர் பிறகு சொன்னதில் புதிர் எதுவும் இல்லை. ஆசிட் பட்ட இடத்தில் மேல்படலம் இறுகிப்போகும். இறுகிய படலமே ஆசிட்டை ஓரளவு தடுக்கும். காஸ்டிக் அப்படி நிற்காது. கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போகும். இரண்டு கண்களிலும் பட்டது ஒரே ஆசிட். வலது கண் ஒரு மாதத்தில் எழுத்துப் படித்தது. இடது கண் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்துப்போனது.

"நல்ல நேரத்துல கழுவியிருக்காங்க. யாரு கழுவினது?" என்று மருத்துவர் கேட்டார்.

"கழுவுனாளா?" என்றான் மாப்பிள்ளை. "தண்ணியில அமுக்கிக் கொல்லப் பாத்தா. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்கள். மேஸ்திரியும் ஒரு புகார் கொடுத்தார். குவளை எடுத்தவன்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. அவன் மருந்து ஊற்றியவன்.

தங்கை மருத்துவமனையிலிருந்து நேராக அக்காவின் அறைக்கு வந்தாள். அக்கா விலாவில் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"நீ உதைக்கலன்னா அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா."

"ஆமா."

"நீ கழுவலன்னா ரெண்டும் போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

"ஆமா."

"இப்ப நான் உன்னக் கும்பிடறதா, அடிக்கிறதா?"

"அடி. கும்பிட்டா எனக்குக் கூச்சமா இருக்கும்."

தங்கை அடித்தாள். அவ்வளவு பலமான கை அவளுக்கு இருந்தது அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது. "இத வீட்டுக்காரர்கிட்ட காட்டியிருக்கலாம்ல" என்றாள் அக்கா, கன்னத்தைத் தடவிக்கொண்டே. தங்கை அழுதாள், கொஞ்சம் சிரித்தாள், அன்றிரவு அங்கேயே படுத்தாள். அடுத்த நாளும் அங்கேதான். மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுபோவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

காவல் நிலையத்தில் எழுத்தர் இரக்கம் உள்ளவர். அடி வாங்கிய உதட்டைப் பார்த்தார். பெண்ணுக்குத் தண்டனை குறையட்டும் என்று அவரே வாக்குமூலத்தைத் தயாரித்தார். "ஆத்திரத்தில், என்ன செய்கிறேன் என்று அறியாமல்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். வாசித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார். அவள் தாளை வாங்கித் தானே மெதுவாக வாசித்தாள். முதல் வரியிலேயே விரலை வைத்தாள்.

"இது தப்பு, சார்."

"எது?"

"அறியாமல்னு போட்டிருக்கீங்க. மத்தவங்கதான் அறியாம செஞ்சாங்க. எனக்குத் தெரியும்."

"அம்மா, தெரிஞ்சு செஞ்சேன்னா கேஸு கனமாகும். அறியாமன்னு இருந்தா உங்களுக்குத்தான் நல்லது."

"இருக்கட்டும். உதைச்சதையும் எழுதுங்க. மேஸ்திரி கையையும் எழுதுங்க. எல்லாம் தெரிஞ்சுதான்."

எழுத்தர் பேனாவை மூடினார், அவளைப் பார்த்தார், மறுபடி திறந்தார். புதுத் தாளில் அவள் சொன்னபடியே எழுதினார். இரண்டாவது வாக்குமூலம் ஐந்து வரிதான் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அவள் செய்தது இது. சண்டையில் தொங்கிய சட்டத்தை உதைத்து, தங்கையின் கணவன் முகத்தில் ஆசிட் தெறிக்கக் காரணமானாள். அவனுடைய வலது கண்ணில் காஸ்டிக் ஊற்ற வந்த மேஸ்திரியின் கையை உடைத்தாள். அவன் மார்மேல் முழங்காலை ஊன்றி, அடி வாங்கிக்கொண்டே, முப்பத்தைந்து நிமிடம் அவன் கண்களைத் தண்ணீரால் கழுவினாள்.